கிளட்ச் மேல் இரண்டு விரல்

குடவாசல்,
பங்குனி 14, திங்கட்கிழமை, 2011.

அன்புள்ள தம்பி ராம்கிக்கு, நாகநாதன் எழுதுவது.

இங்கே உளுந்து பிடுங்கிவிட்டார்கள். வழக்கம்போலச் செடியைச் சாலையில் கொண்டுவந்து பரப்பி, போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி உடைக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அதனால் இந்த ஒரு மாதத்துக்கு எவரும் வேகமாகப் போக முடியாது. என் பட்டறைக்கு அடிபட்ட வண்டி வருவதும் குறைந்திருக்கிறது. உன் அக்கா அமிர்தம் நலம். பூர்ணிமா நலம். உன்னோடு அங்கே வேலை பார்க்கிற மீரா உசேன் ஊருக்கு வந்திருந்தார். உன் பஹ்ரைன் முகவரியை அவர்தான் கொடுத்தார். உனக்கு முதுகு வலி இருப்பதாகவும் சொன்னார். கவனித்துக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை உன் அக்கா பட்டறைக்கு வந்தாள். பூர்ணிமா வயதுக்கு வந்துவிட்டாள். சித்திரையில் சடங்கு வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் நீ வந்து மாலை போட்டு நிற்க வேண்டும் என்கிறாள். பன்னிரண்டு வருஷமாக உன்னோடு பேசாதவள் தானாக வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்களே எழுதிடுங்கண்ணே. நான் போன்ல பேசுனா அழுவேன், இல்லாட்டி திட்டிப்புடுவேன். எண்ணெய் கலக்க மறந்துட்டான், ஏதோ கெட்ட நேரம். நான் மனசுல வச்சிக்கல, வந்து சேருன்னு எழுதுங்க. மாமன் இல்லாம எம்பொண்ணு சபையில நிக்கக் கூடாது."

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று நாள் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். கை ஓடவில்லை. கடிதத்தில் பொய் எழுதுவது எனக்குப் பழக்கம் இல்லை. நீ எண்ணெய் கலக்க மறக்கவில்லை, தம்பி. கலந்தாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். செய்யாத தப்புக்கு உன்னை மன்னித்துவிட்டதாக என் கையெழுத்தில் எழுதுவது முறையாகப் படவில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நீ எங்களோடு வந்து சேர்ந்தது கடைசி ஒரு மாதம்தான். முன்கதை உனக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. 1991-இல் காதர் மைதீன் பாய் இங்கே மோட்டார் சைக்கிள் ஷோரூம் திறந்தார். ஜப்பான்காரன் கூட்டில் புதுப்புது வண்டி வருகிற காலம். வண்டி விற்க வேண்டுமானால் பந்தயத்தில் பெயர் அடிபட வேண்டும் என்று அவருக்கு ஒரு யோசனை. அவர் பட்டறையில் நான் மெக்கானிக், ஓட்டவும் செய்வேன். இரண்டாவது ஆளாக உன் அத்தான் செல்லதுரையைக் கண்டுபிடித்தது நான். அவன் அப்போது பூம்புகாரிலிருந்து மீன் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு குடவாசல் சந்தைக்கு வருவான். ஐஸ் உருகுவதற்குள் வந்துவிடுவான். வளைவில் அந்தப் பெட்டியோடு அவன் சாய்கிற சாய்வைப் பார்த்துவிட்டு, பாயிடம் போய் இவன்தான் என்றேன்.

மூன்று வருஷம் இருவரும் ஓட்டினோம். சென்னைப் பந்தயப் பாதையிலும் கோயம்புத்தூரிலும் எங்களைத் தெரியாதவர் இல்லை. 94-இல் விழுந்ததில் என் வலது மணிக்கட்டு உடைந்து கம்பி வைத்தார்கள். ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருக வராது. அதோடு நான் ஓட்டுவது நின்றது. அதன் பிறகு அவன் ஓட்டுவான், நான் வண்டி வைப்பேன். என் வருத்தத்தை நான் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் கை திருகவேண்டியதை அவன் கை திருகுகிறது என்று எண்ணிக்கொண்டேன். அவனும் அப்படித்தான் பேசுவான். "ஓட்டுறது நான், ஓடுறது அண்ணன்" என்று எல்லாரிடமும் சொல்வான்.

துரைக்கு எழுத்து அவ்வளவாக வராது. பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பது, டயர் கம்பெனிக்கு விண்ணப்பம், உன் அக்காவைப் பெண் கேட்டு உன் அப்பாவுக்கு எழுதிய கடிதம் உட்பட எல்லாம் என் கையெழுத்துதான். பாயின் அக்கா மகன் ஜாஃபர் சாதிக் மலேசியாவில் ஈப்போவில் பந்தய அணி நடத்துகிறார் என்று தெரிந்தபோது, அவருக்கு அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒன்பது கடிதம் எழுதியவனும் நான். ஒன்பதாவதுக்குப் பதில் வந்தது. ஓட்டுகிறவருக்கு ஒரு விசா, அவர் மெக்கானிக்குக்கு ஒரு விசா. பங்குனி கடைசிக்குள் வந்து சேர வேண்டும். சித்திரையில் அங்கே பந்தயம் தொடங்குகிறது. தவறினால் வேறு ஆள்.

அந்தக் கடிதத்தை நான் படித்துச் சொன்னபோது துரை என் உடைந்த கையைப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு பேரும் போறோம்ணே. நீங்க இல்லாம நான் அந்த வண்டி மேல காலைத் தூக்கிப் போடமாட்டேன்" என்றான். நான் அவனைச் சொல்லச் சொல்லவில்லை. அவனாகச் சொன்னான். நாற்பது வயதில் எனக்கென்று இருந்தது அந்த இரண்டாவது விசா ஒன்றுதான் என்பதை நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஈப்போவில் அவர்கள் ஓட்டுவது நாலு ஸ்ட்ரோக் வண்டி. துரை எட்டு வருஷம் இரண்டு ஸ்ட்ரோக் தவிர எதிலும் ஏறியதில்லை. அதனால் பாய் ஒரு நாலு ஸ்ட்ரோக் வண்டியை வரவழைத்தார். பந்தயம் இல்லாத மாதங்கள், தையிலிருந்து பங்குனி வரை, போட்டு முடித்தும் திறக்காமல் கிடந்த புறவழிச்சாலையில் நாங்கள் பழகினோம். இரண்டு கிலோமீட்டர் நேர்ச்சாலை, ஒரு வளைவு, கடைசியில் வாய்க்கால் மதகு. காலையில் முதல் வேலை நெல் காயப் போட்டவர்களிடம் கெஞ்சுவது. ரெத்தினம் அக்கா மட்டும் தினம் ஒரு பாட்டம் பேசாமல் நெல்லை ஒதுக்காது.

"ஏன்டா துரை, மலேசியாவுக்கு எங்க நெல்லு மேல ஏறித்தான் போவணுமா? கடல் வழி இல்லியா?"

"வர்றப்ப ஒனக்குக் கோடாலித் தைலம் வாங்கியாறேன் அத்தை. ஒதுக்கிக் குடு."

"போன தடவை சென்னைக்குப் போயிட்டு ஒரு மிச்சர் பொட்டலம் கூட வாங்கியாரல. இவன் தைலம் வாங்கியாறானாம்."

இப்படித்தான் தொடங்கும் ஒவ்வொரு நாளும்.

இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை நீ கடைசிவரை சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அதையும் எழுதுகிறேன். இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். அந்த எண்ணெய் இல்லாவிட்டால் பிஸ்டன் சூடேறி உப்பி, சிலிண்டருக்குள் அப்படியே பிடித்துக்கொள்ளும். அந்த நொடியே பின் சக்கரமும் பூட்டிக்கொள்ளும். அதற்கு அரை நொடி முன்னால் சத்தம் மாறும். கீச்சென்று மெலிந்து வரும். அந்த அரை நொடியில் கிளட்சைப் பிடித்துவிட்டால் சக்கரம் இன்ஜினை விட்டு விடுபட்டு உருளும், பிழைத்துக்கொள்ளலாம். அதனால் இரண்டு ஸ்ட்ரோக்கில் பந்தயம் ஓட்டுகிற எவனும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கிளட்ச் மேலே போட்டபடியேதான் ஓட்டுவான். துரை டீக்கடையில் கிளாஸ் பிடிப்பதுகூட அப்படித்தான்; அந்த இரண்டு விரல் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

நாலு ஸ்ட்ரோக் அப்படிச் சட்டென்று பிடித்துக்கொள்ளாது. ஆனால் ஆக்ஸிலேட்டரை மூடினால் வண்டி கடிவாளம் இழுத்த குதிரைபோலத் தானாகவே பின்வாங்கும். துரைக்கு அது பிடிபடவில்லை. வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகம் செத்துவிடும். போதாததற்கு அந்த இரண்டு விரல். தன்னை அறியாமல் கிளட்சை லேசாக அமுக்குவான், வண்டி குலுங்கும். முதல் வாரம் மூன்று தடவை வயலில் கொண்டுபோய் இறக்கினான். "இது வண்டி இல்லண்ணே, மாமியா" என்று சேற்றைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

விரலை எடுக்க வைப்பதுதான் மருந்து என்று எனக்குத் தெரிந்தது. சொல்லி எடுக்க வைக்க முடியாது. அவனுக்கே தெரியாமல் போகிற விரல் அது. கிரீஸில் விளக்குக் கரியைக் குழைத்து கிளட்ச் லிவரில் பூசினேன். கையுறைக்கு மேல் ஒரு வெள்ளைத் துணி உறை மாட்டிவிட்டேன். ஒவ்வொரு ஓட்டம் முடிந்தும் வந்து விரலைக் காட்ட வேண்டும். முதல் நாள் இரண்டு விரலும் அமாவாசைபோல இருந்தன. இரண்டாவது வாரம் நுனியில் மட்டும் கரி. நான்காவது வாரம் பத்து ஓட்டத்தில் ஏழு சுத்தம். வளைவில் வண்டி சொன்னபடி கேட்கத் தொடங்கியது. அவனுக்கு நான் செய்ததிலேயே நல்ல காரியம் அது என்று இன்றும் சொல்வேன்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் ஷோரூமுக்குப் போனேன். பாய் மேசையில் ஈப்போவுக்கு அனுப்ப வேண்டிய காகிதங்கள் இருந்தன. மேலே இருந்தது டைப் அடித்த ஒரு கடிதம். ஓட்டுகிறவர் செல்லதுரை. மெக்கானிக் ராமகிருஷ்ணன். கீழே துரையின் கையெழுத்து.

பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்னா நாகநாதா, ஒங்கிட்ட சொல்லலியா? மச்சானை அழைச்சிட்டுப் போறேன்னு தொரை சொன்னிச்சே. ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

"சொன்னான் பாய். மறந்துட்டேன்" என்றேன்.

உன் பெயர் இருந்ததுகூட என்னை அவ்வளவு உறுத்தவில்லை, தம்பி. மனைவியின் தம்பியை அழைத்துப்போவது ஊரில் நடப்பதுதான். அந்தக் கடிதத்தைக் கும்பகோணத்தில் ஏதோ ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து அடிக்க வைத்திருக்கிறான். எட்டு வருஷத்தில் நான் எழுதாத முதல் கடிதம். என்னை விடுவதற்கான கடிதத்தை என்னிடம் எழுதச் சொல்ல முடியாதுதான். அது எனக்குப் புரிகிறது. ஆனால் பஸ் ஏறிப் போய், வரிசையில் காத்திருந்து, வேறொருவனிடம் சொல்லி அடிக்க வைத்து, கையெழுத்துப் போட்டு, திரும்பி வந்து அன்று மாலையே என்னிடம், "விரலைப் பாருங்கண்ணே, பால் மாதிரி இருக்கு" என்று நீட்டியிருக்கிறான். நான் அந்த விரலைப் பிடித்துப் பார்த்து, தேவலை என்று சொல்லியிருக்கிறேன்.

அவனாகச் சொல்வதற்குப் பதினோரு நாள் கொடுத்தேன். வழியும் ஏற்படுத்திக் கொடுத்தேன். டீக்கடையில் ஒருநாள், "துரை, நம்ம டிக்கெட்டு எந்தத் தேதின்னு பாய் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஆவும்ணே. டீ ஆறுது பாருங்க."

"எனக்கு மெடிக்கல் வேற பாக்கணும்ல."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் வடை சூடாக இருக்கிறதா என்று கேட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நாட்களில்தான் நீ பட்டறைக்கு வரத் தொடங்கினாய், வேலை பழக. ஸ்பார்க் பிளக்கைக் கோணலாகத் திருகி மரையைக் கெடுத்தாய். நான் கோபிக்கவில்லை, ஞாபகம் இருக்கும். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். எண்ணெய் எத்தனைக்கு எத்தனை கலக்க வேண்டும் என்பதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நீ அதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டாய்.

பன்னிரண்டாம் நாளும் நான் லிவரில் கரி பூசினேன். செய்வதில் எதையும் மாற்றவில்லை. அவன் விரல் இன்னும் சுத்தமாக வேண்டும் என்பதில் முன்னைவிடக் கவனமாக இருந்தேன். பத்துக்கு எட்டு, ஒன்பது என்று ஏறி, பங்குனி பிறந்தபோது பத்துக்குப் பத்து. நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். எட்டு வருஷத்துப் பழக்கம் எட்டு வாரத்தில் போனது என்றால் எவரும் நம்பமாட்டார்கள்.

நான் நினைத்தது இவ்வளவுதான். பழைய இரண்டு ஸ்ட்ரோக்கில் அவனை ஒருமுறை ஏற்ற வேண்டும். அது பிடித்துக்கொள்ள வேண்டும். விரல் கிளட்சில் இருக்காது. விழுவான். காரை எலும்பு உடைந்தால் ஆறு வாரம் கட்டு, பங்குனி முடிந்துவிடும், விசா போய்விடும். அவனும் போக வேண்டாம், நீயும் போக வேண்டாம், நானும் போகவில்லை. மூன்று பேரும் சமம். அடுத்த வருஷம் மறுபடி நான் கடிதம் எழுதுவேன். சாலையின் இரண்டு பக்கமும் உளுந்து வயல். விழுந்தால் மெத்தைபோல.

பாய் பழைய வண்டியை ஷோரூம் வாசலில் காட்சிக்கு நிறுத்தப் போகிறார் என்று உனக்குத் தெரியும். அதற்கு முன் அதில் துரை ஒரு கடைசி ஓட்டம் ஓட்டினால் படம் எடுத்து மாட்டலாம் என்று அவருக்குச் சொன்னது நான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. ஷோரூம் ஆட்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். உன் அக்கா பூர்ணிமாவை இடுப்பில் வைத்திருந்தாள். குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம்.

"பெட்ரோலை நீயே கலந்து ஊத்து ராம்கி. இனிமே நீதானே பாக்கணும்" என்றேன். அப்போது துரை சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கு அந்த நொடியில் தெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அப்புறம் பேசிக்கலாம், ஹெல்மெட்டை மாட்டு" என்றேன்.

நீ கோடு போட்ட பாட்டிலில் எண்ணெயை அளந்தாய். கேனில் ஊற்றிக் குலுக்கினாய். ஒரு தடவைக்கு இரண்டு தடவை குலுக்கினாய். டேங்கில் ஊற்றி மூடினாய். பிறகு பாய் எல்லாரையும் படத்துக்குக் கூப்பிட்டார். நீ காலரைச் சரிசெய்துகொண்டு அத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றாய். நான் கையெல்லாம் கிரீஸ் என்று சொல்லி வரவில்லை. நீ ஊற்றியதை டியூப் வழியாக வடித்துவிட்டு வெறும் பெட்ரோல் ஊற்றினேன். நான்கு நிமிஷம் ஆனது. அந்தப் படத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், நீ பார்த்திருப்பாய்.

இன்ஜினுக்குள் பழைய எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருக்கும். முதல் ஓட்டம் தாங்கும், இரண்டாவதும் மெதுவாகப் போனால் தாங்கும். மூன்றாவதுதான் வேக ஓட்டம். "மதகுகிட்ட கேமராக்காரர் நிக்கிறாரு. அதுவரைக்கும் மூடாதே" என்று சொல்லி அனுப்பினேன். மதகுச் சுவர் இருபதடி நீளம்தான், தம்பி. மற்ற இடமெல்லாம் வயல். அந்த இருபதடியில் போய் அது பிடித்துக்கொள்ளும் என்று எவரும் கணக்குப் போட்டுச் செய்ய முடியாது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். வண்டியைப் பார்க்க வந்த அதிகாரி டேங்கில் எண்ணெய் இல்லை என்றார். யார் கலந்தது என்று கேட்டார். "நான்தான் சார். கலந்தேன்" என்றாய். மறுநாள் கேட்டபோது, "கலந்த மாதிரிதான் சார் ஞாபகம்" என்றாய். மூன்றாம் நாள், "மறந்துட்டேன் போலருக்கு சார்" என்றாய். அந்த வாக்குமூலத்தை உனக்காக எழுதிக் கொடுத்தவன் நான். போலிருக்கிறது என்றெல்லாம் எழுதினால் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று, மறந்துவிட்டேன் என்று எழுதினேன். நீ படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாய். உன் அக்கா புகார் கொடுக்க மறுத்ததால் விபத்து என்று முடித்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் நீ பஹ்ரைன் போய்விட்டாய். ஈப்போவுக்கு வேறு யாரோ போனார்கள்.

எனக்கு இந்தப் பன்னிரண்டு வருஷமும் தூக்கம் கெடவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு விளக்கம் இருந்தது. நான் அவன் விரலை வெட்டவில்லை. எடுக்கக் கற்றுக் கொடுத்தேன், அவ்வளவுதான். சத்தம் மாறியபோது அவன் விரல் போகவில்லை என்றால், அது மறந்தது. எட்டு வருஷம் தன்னைக் காப்பாற்றியதை எட்டு வாரத்தில் மறப்பது அவன் சுபாவம். என்னை மறந்ததுபோல அதையும் மறந்தான்.

வெள்ளிக்கிழமை உன் அக்கா எழுந்து போகும்போது ஒன்று சொன்னாள். "அவரு மொதல்ல ஒங்களைத்தாண்ணே அழைச்சிட்டுப் போவணும்னு நின்னாரு. கும்பகோணத்துல மெடிக்கல் பாக்குற டாக்டர்ட்ட போயி கேட்டாரு. கையில கம்பி இருந்தா தள்ளிப்புடுவாங்க, ஒருதரம் தள்ளுனா காயிதத்துல குத்திடுவாங்க, அப்புறம் எந்தக் காலத்துலயும் போவ முடியாதுன்னுட்டாராம். அதான் தம்பிய முன்னாடி கூட்டிட்டுப் போயி எடத்தைப் புடிச்சிக்கிட்டு, ஆறு மாசத்துல அங்கேருந்தே வேற வழியா ஒங்களை எடுத்துக்கலாம்னு இருந்தாரு. கை போனதைச் சொல்லிக் காட்டுற மாதிரி இருக்கும்னு ஒங்கள்ட்ட சொல்ல அவருக்கு வாய் வரல. ஒங்களுக்குத் தெரியும்னே நெனச்சேன்."

தெரியும் என்று சொல்லிவிட்டேன். தெரியாது என்று சொல்லி அவளைச் சங்கடப்படுத்துவானேன். இது உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். செத்தவனைப் பற்றி மனைவி நல்லபடியாகத்தான் சொல்வாள். உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், சொல்லாமல் விட்டது அவன்தானே. டீக்கடையில் வடை சூடாக இருக்கிறதா என்று கேட்ட நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாம்.

நீ சித்திரைக்கு வந்துவிடு. மாலை போடு. உனக்கும் அந்தச் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்பது உன் இஷ்டம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன்.

வரிசையாக எழுதுவதாகச் சொல்லிவிட்டு ஒன்றை விட்டுவிட்டேன். அதையும் எழுதினால்தான் கடிதம் முழுமையாகும்.

ஷோரூம் ஆள் ஒருவரின் வண்டியை எடுத்துக்கொண்டு மதகுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். அக்கரையில் நின்ற கேமராக்காரர் வாய்க்காலைச் சுற்றி வரவும் நீங்களெல்லாம் வரவும் இன்னும் அரை நிமிஷம் இருந்தது. துரை சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் கிடந்தான். மூச்சு இல்லை. இடது கை ஹேண்டில்பாரை விட்டு வரவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிளட்ச் மேல் மடங்கியிருந்தன. லிவர் பிடியோடு பிடியாக அமுங்கியிருந்தது. அவன் விரல் மறக்கவில்லை. சத்தம் மாறியவுடனே போயிருக்கிறது. நான் அந்த இரண்டு விரலையும் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக் கீழே வைத்தேன். அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

விரல் மறந்திருக்கும் என்று நானும் முழுதாக நம்பவில்லை. இரண்டாவது ஓட்டம் முடிந்து அவன் கலர் குடித்துக்கொண்டிருந்தபோது, கிளட்ச் கேபிள் திருகை ஏழு சுற்று தளர்த்தியிருந்தேன். லிவரை எவ்வளவு இழுத்தாலும் கிளட்ச் பிரியாது. அவன் ஏறி உட்கார்ந்து ஒரு தடவை அமுக்கிப் பார்த்தான். அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"கிளட்ச் லூசா இருக்கேண்ணே."

"இருக்கட்டும். ஒனக்குத்தான் இப்ப கிளட்ச்சே வேணாமே. நியூட்ரல்ல தள்ளிவிடுறேன், உருண்டதும் கியரைத் தட்டு."

ஹெல்மெட்டுக்குள் சிரித்தான். "நீங்க சொன்னா சரிண்ணே" என்றான். முதுகில் கை வைத்து நான்தான் தள்ளிவிட்டேன்.

எனக்குத் துரோகம் செய்தவன் என்னை அப்படி நம்பியிருக்கக் கூடாது.